கைபேசிப் பயன்பாடும் கைவலியும்: மாணவர் ஆய்வுகள்

கைபேசி, கணினி, வீடியோ கேம் கருவி ஆகியவற்றை நெடுநேரம் கையாள்வதால் விரல், மணிக்கட்டு, முன்கை ஆகிய இடங்களில் வலி, விறைப்பு, மரத்துப்போதல் ஏற்படுகின்றனவா என்பது கடந்த இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. இந்த ஆய்வுகளில் பல, கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டவை. காரணம் எளிது. கருவி எல்லார் கையிலும் இருக்கிறது, செலவு அதிகமில்லை, ஒரு கேள்வித்தாள் இருந்தால் தொடங்கிவிடலாம். 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்றவற்றுக்கு, தம் ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு தலைப்பைத் தேடும் பள்ளி மாணவர்களுக்கும் இது உகந்த தலைப்பு.

எளிதாகத் தொடங்கக்கூடிய ஆய்வு என்பதாலேயே இதில் தவறுவதும் எளிது. இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அவற்றை எப்படிப் படிக்க வேண்டும், விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தத்தில் ஒரு மாணவர் இதே ஆய்வைச் செய்தால் எதையெல்லாம் கேட்டாக வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விஸ்வநத்தத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையால் செய்யும் வேலையை நம்பியே வாழும் பகுதி அது. அங்கே ஒருவருக்குக் கை வலித்தால், அதற்குக் கைபேசிதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

கையின் அமைப்பு

மனிதனின் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளில் வந்து இணைகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை கை அசைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நூல்கள் விலகி ஓடாமல் இருக்க, மணிக்கட்டில் அவை குறுகிய உறைகளுக்குள் செல்கின்றன. வலி பெரும்பாலும் தொடங்குவது இந்த உறைகளில்தான்.

கட்டைவிரலை வெளிப்புறமாக விரிக்கவும் பின்னோக்கி நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் தசைநாண்கள் தாராளமாக வழுக்கிச் செல்ல முடியாது. கட்டைவிரலை அசைக்கும்போதும், குடத்தைத் தூக்கும்போதும், துணியைப் பிழியும்போதும் சுரீரென்று வலிக்கும். இதற்கு டெ குவெர்வைன் நோய் என்று பெயர். ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டெ குவெர்வைன் 1895-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதியதால் இந்தப் பெயர் வந்தது. அப்போது அவர் பணியாற்றிய லா ஷோ டி ஃபோன் என்ற ஊர், கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. ஆங்கிலேயர்கள் இதே வலியை ‘வண்ணாத்தி சுளுக்கு’ என்ற பொருளில் அழைத்தார்கள். துணி பிழியும் கைக்கு வரும் நோயாக அவர்கள் அதை அறிந்திருந்தார்கள்.

வேறு சில தொல்லைகளையும் இதனுடன் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு குறுகிய பாதை உள்ளது. அதன் வழியே ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. அங்கே அழுத்தம் கூடினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இரவில் தூக்கம் கலைந்து கையை உதறிக்கொள்ளும்படி இருக்கும். மாறாக, சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்துப்போனால், முழங்கையின் பின்புறம் ஓடும் வேறொரு நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். முழங்கையை மடக்கிக் கைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவோருக்கு இது வரக்கூடும். விரல் மடங்கி, நிமிர மறுத்து, பிறகு ‘டக்’கென்று விடுபடுவது இன்னொரு வகை. ஆய்வு செய்யும் மாணவர் ‘கை வலிக்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் இவை அத்தனையும் ஒரே எண்ணுக்குள் போய் விழுந்துவிடும். எந்த விரல், எந்தப் பக்கம், எந்த நேரம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பழைய நோய், புதிய கருவி

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை கெடும் என்பது கைபேசி வந்த பிறகு கண்டுபிடித்த உண்மையன்று. தொழில் நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே போக்கில் அசைத்துக்கொண்டே இருத்தல், கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மனஅழுத்தம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகச் சொன்னார். எழுதியே வலக்கையின் பயனை இழந்த ஒருவர், இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு, பிறகு அந்தக் கையிலும் அதே நோயைப் பெற்றதை அவர் குறிப்பிடுகிறார். அவர் சொன்ன மூன்று காரணங்களில் மனஅழுத்தமும் இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய கேள்வித்தாள்கள் பலவற்றில் அது விடுபட்டுப் போகிறது.

தந்தி வந்தபோது தந்தியாளர்களின் கை இழுத்துக்கொண்டது. 1908-இல் பிரிட்டனில் அது இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1980-களின் முதற்பாதியில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சு, தொலைபேசிப் பணியாளர்களிடையே கைவலிப் புகார்கள் திடீரென்று பெருகின, சில ஆண்டுகளில் குறைந்தும் போயின. வேலை, கருவி, நிர்வாகம், பத்திரிகைச் செய்திகள், இழப்பீட்டு விதிகள் என்று பலவற்றைக் காரணமாகச் சொல்லி அங்கே நீண்ட விவாதம் நடந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளன்று. வலியை எவ்வளவு பேர் வெளியே சொல்கிறார்கள் என்பது ஊரின் பேச்சையும் பொறுத்தது. ‘செல்போனால் கை போகும்’ என்று காலை வணக்கக் கூட்டத்தில் பேசிவிட்டு அன்று மாலையே கேள்வித்தாள் கொடுத்தால், வரும் விடைகளில் அந்தப் பேச்சும் கலந்திருக்கும்.

வீட்டுக் கருவிகளால் வந்த நோய்களை மருத்துவ இதழ்கள் அவ்வப்போது தனிப்பட்ட நிகழ்வுகளாகப் பதிவு செய்துள்ளன. நின்டென்டோ விளையாட்டை மணிக்கணக்கில் ஆடிய ஒரு பெண்ணின் கட்டைவிரல் வலி, 1990-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் விளையாட்டின் பெயரையே நோய்க்கும் சூட்டி வெளிவந்தது. 2014-இல் லான்செட் இதழில் ஸ்பெயினிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. 34 வயதுள்ள கர்ப்பிணி மருத்துவர் ஒருவர் கிறிஸ்துமஸ் முந்தினம் பணியில் இருந்திருக்கிறார். மறுநாள், வந்து குவிந்த வாழ்த்துச் செய்திகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆறு மணி நேரம் போல் பதில் அனுப்பியிருக்கிறார். 130 கிராம் எடையுள்ள கைபேசி. அடுத்த நாள் காலை இரண்டு மணிக்கட்டிலும் வலி. 2015-இல் அமெரிக்காவில் 29 வயது இளைஞர் ஒருவர், ஒரே நிறப் பொருள்களை வரிசையாகச் சேர்க்கும் கைபேசி விளையாட்டை ஆறு முதல் எட்டு வாரங்கள் நாள் முழுக்க இடக்கையால் ஆடினார். அவரது கட்டைவிரல் தசைநாண் அறுந்தே போனது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகள் செய்தித்தாளில் படிக்கச் சுவையானவை. இப்படியும் நடக்கலாம் என்பதை அவை காட்டும், எத்தனை பேருக்கு நடக்கும் என்பதைக் காட்டா. அதற்குத்தான் பலரிடம் நடத்தும் ஆய்வு தேவைப்படுகிறது.

மூன்று ஆய்வுகள்

முதலாவது, 2011-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஃபியா பெரோலோ, வெல்ஸ், அமிக் ஆகியோருடன் சேர்ந்து மாணவர், ஊழியர், பேராசிரியர் என 140 பேரிடம் விவரம் சேகரித்தார். 137 பேர் கையடக்கக் கருவி பயன்படுத்துவோர். 84 விழுக்காட்டினர் உடலின் ஏதேனும் ஓரிடத்தில் வலி இருப்பதாகச் சொன்னார்கள். வலக்கையில் அதிகம் வலித்த இடம் கட்டைவிரலின் அடிப்பகுதி. கைபேசியில் இணையம் பார்க்கும் நேரத்துக்கும் அந்த வலிக்கும் தொடர்பு தெரிந்தது. மொத்தப் பயன்பாட்டு நேரத்துக்கும் கழுத்து, வலத் தோள்பட்டை வலிக்கும் தொடர்பு தெரிந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் ‘கைபேசியால் 84 விழுக்காட்டினருக்கு வலி’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வலி இருந்தவர்கள் 84 விழுக்காடு, அவ்வளவுதான். அதில் நாற்காலியால் வந்த வலி இருக்கலாம், விளையாட்டுத் திடலில் வந்த வலியும் இருக்கலாம். ஆய்வின் உண்மையான மதிப்பு அந்தப் பெரிய எண்ணில் இல்லை. என்ன வேலைக்காகக் கைபேசியைப் பிடிக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்டதிலும், உடம்பின் எந்த இடம் என்று பிரித்துக் கேட்டதிலும் இருக்கிறது.

இரண்டாவது, 2014-இல் வெளிவந்த கராச்சி ஆய்வு. 300 மாணவர்களிடம் குறுஞ்செய்தித் தட்டச்சையும் டெ குவெர்வைன் நோயையும் பற்றி ஆராய்ந்தார்கள். கேள்வியோடு நிற்காமல், கையைச் சோதித்தும் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சோதனை ‘ஆம்’ என்று வந்தது. அதே 2014-இல், பெங்களூரு மருத்துவர் தீபக் சரண் குழுவினர், கையடக்கக் கருவிகளால் கையில் தொல்லை ஏற்பட்டுச் சிகிச்சைக்கு வந்த 70 பேரின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். இது மூன்றாவது. சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டுமே பார்த்த ஆய்வு என்பதால், மக்களில் எத்தனை பேருக்கு நோய் என்று இதைக் கொண்டு சொல்ல இயலாது. ஆனால் நோய் வந்தவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வது இது ஒன்றுதான்.

கராச்சி எண்ணுக்குத் திரும்புவோம். மாணவர்களில் பாதிப்பேருக்கு நோய் என்றால் அது பெரிய செய்தி. ஆனால் பிரிட்டனில் பொதுமக்களிடையே முறைப்படி பரிசோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், டெ குவெர்வைன் நோய் இருந்தது ஆண்களில் 0.5 விழுக்காடு, பெண்களில் 1.3 விழுக்காடு மட்டுமே. அரை விழுக்காட்டுக்கும் ஐம்பது விழுக்காட்டுக்கும் நூறு மடங்கு வேறுபாடு. நாடு வேறு, வயது வேறு, காலம் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளி அதனால் மட்டும் வராது. சோதனையையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

கட்டைவிரல் சோதனையில் ஒரு சிக்கல்

இந்த நோயைக் கண்டறிய ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை என்ற ஒன்று பரவலாகச் செய்யப்படுகிறது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொல்வார்கள். வலித்தால் ‘ஆம்’. இணையத்தில் காணொளி பார்த்து மாணவர்கள் செய்வதும் இதைத்தான்.

உண்மையில் இது ஃபிங்கெல்ஸ்டைன் சொன்ன சோதனையே அன்று. 1927-இல் ஐக்ஹாஃப் என்ற ஜெர்மானியர் விவரித்தது இது. 1930-இல் ஃபிங்கெல்ஸ்டைன் சொன்னது, மருத்துவரே நோயாளியின் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டு கையைச் சாய்ப்பது. பெயர்கள் பாடப்புத்தகங்களிலேயே குழம்பிப்போயின. பெயர் மாறியது போகட்டும். முதல் வகையில் நலமான கையும் வலிக்கும் என்பதே கவலைக்குரியது. இதைப் படிப்பவர் இப்போதே கட்டைவிரலை மடக்கிக் கையைச் சாய்த்துப் பார்க்கலாம். பலருக்கு மணிக்கட்டின் ஓரத்தில் இழுக்கும். அந்த இழுப்பு நோயன்று.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். எடுத்துக்காட்டுக்காக 200 மாணவர்களை வைத்துக்கொள்வோம். உண்மையில் நோய் உள்ளவர் 2 பேர். சோதனை இருவரையும் பிடித்துவிடுகிறது. மீதி 198 பேரில் நான்கில் ஒருவருக்கு இழுப்பு வலி வருகிறது என்று கொண்டால், அது ஏறத்தாழ 50 பேர். மொத்தம் 52 பேருக்கு ‘ஆம்’. அறிக்கையில் ‘26 விழுக்காட்டினருக்குப் பாதிப்பு’ என்று எழுதப்படும். உண்மையான நோயாளிகள் ஒரு விழுக்காடு. மாணவர் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழையில்லை. சோதனையை எங்கே பயன்படுத்தலாம் என்று தெரியாததே குறை. கட்டைவிரல் அடியில் ஏற்கெனவே வலி இருப்பவரிடம், மருத்துவர் தம் கையால் செய்யும்போது இந்தச் சோதனை உதவும். வகுப்பறையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துச் செய்வதற்கு இது ஏற்றதல்ல.

விஸ்வநத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி

1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை சிவகாசிப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், லேபிள் அச்சிடப்போய் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. மழை குறைந்த கரிசல் காட்டில் விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்களுக்கு இந்த மூன்றும் சோறு போட்டன. விஸ்வநத்தமும் அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஊர்தான்.

இத்தொழில்களில் இயந்திரம் நிறைய வந்துவிட்டாலும் கைவேலை ஒழியவில்லை. வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவது, திரி செருகுவது, பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது, அட்டைப்பெட்டியில் அடுக்குவது எல்லாம் விரல் வேலை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடி தயாரிப்புக்குத் தடை விதிக்கும் வரை, சரம் பின்னுவது பல பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. அச்சகங்களில் தாள் எண்ணுவதும் மடிப்பதும் தைப்பதும், காலண்டர் காலத்தில் அட்டையில் தாள் கட்டைப் பொருத்துவதும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. எவ்வளவு முடித்தாலோ அவ்வளவு பணம். எனவே கை வலித்தாலும் யாரும் நிறுத்துவதில்லை. ராமசினி சொன்ன மூன்றும், உட்கார்ந்திருத்தல், ஒரே அசைவு, மனஅழுத்தம், இங்கே ஒன்றாக இருக்கின்றன. வெடிமருந்து உள்ள இடத்தில் அந்த அழுத்தம் கணக்கில் பிழை வருமோ என்பதைவிடப் பெரியது.

இந்தப் பகுதியில் கை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது வெடி விபத்துகள். அவை நாளிதழில் வரும், நிவாரணம் அறிவிக்கப்படும். இருபது ஆண்டு குழாய் உருட்டிய பெண் ஒருவர் காலையில் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் கையை வெந்நீரில் வைத்துக்கொள்வது எங்கும் பதிவாவதில்லை. அவரும் அதை நோய் என்று சொல்லமாட்டார், ‘கை அசதி’ என்பார். ஆய்வு செய்யும் மாணவர் ‘கைவலி உண்டா?’ என்று எழுதினால் அவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடுவார். ‘அசதி’, ‘கடுப்பு’, ‘விறுவிறுப்பு’, ‘மரமரப்பு’ என்று ஊரில் வழங்கும் சொற்களையும் கேள்வித்தாளில் வைக்க வேண்டும்.

மாணவர்களிடமே கேட்கும்போது இன்னொரு சிக்கல் எழும். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் துணையாகப் பெட்டி ஒட்டும் பிள்ளைகள் இருக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்களை வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ‘வீட்டில் என்ன வேலை செய்கிறாய்?’ என்று ஆசிரியர் முன்னிலையில் பெயரெழுதிக் கேட்டால், அப்பா அம்மாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரே மாதிரி எழுதப்பட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் எழுதவேண்டாம், வகுப்பும் வயதும் போதும், தாளை மடித்து ஒரு பெட்டியில் போடலாம் என்று சொன்ன பிறகு கிடைத்த தாள்கள் வேறு விதமாக இருந்தன. கேள்வியையும் ‘ஒரு நாளில் விரல்களால் தொடர்ந்து செய்யும் வேலை (எழுதுதல், தையல், பூக்கட்டுதல், ஒட்டுதல், பாத்திரம் தேய்த்தல்) எவ்வளவு நேரம்?’ என்று பொதுவாக அமைத்தால் போதும். யார் வீட்டில் எந்தத் தொழில் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு. 100 மாணவர்கள். கைபேசியை அதிகம் பயன்படுத்துவோர் 50 பேர், குறைவாகப் பயன்படுத்துவோர் 50 பேர். இரு பக்கமும் 15 பேருக்குக் கைவலி. ‘கைபேசிக்கும் கைவலிக்கும் தொடர்பில்லை’ என்று முடித்துவிடத் தோன்றும்.

இப்போது கைவேலை செய்வோரைப் பிரித்துப் பார்ப்போம். வேலை செய்யும் பிள்ளைக்குக் கைபேசி பார்க்க நேரம் ஏது? அதனால் குறைவாகப் பயன்படுத்துவோரில் 20 பேர் கைவேலை செய்பவர்கள், அவர்களில் 11 பேருக்கு வலி. அதிகம் பயன்படுத்துவோரில் கைவேலை செய்பவர் 5 பேர்தான், 3 பேருக்கு வலி. கைவேலை இல்லாதவர்களை மட்டும் எடுத்தால், கைபேசி அதிகம் பார்க்கும் 45 பேரில் 12 பேருக்கு வலி, குறைவாகப் பார்க்கும் 30 பேரில் 4 பேருக்கு வலி. அதாவது 27 விழுக்காடும் 13 விழுக்காடும். இல்லை என்று தோன்றிய தொடர்பு தெரியவருகிறது. அதைவிடப் பெரிய உண்மையும் வெளியே வருகிறது. கைவேலை செய்யும் 25 பேரில் 14 பேருக்கு, பாதிக்கும் மேற்பட்டோருக்கு, வலி. ஒரே ஒரு கேள்வி விடுபட்டிருந்தால் இந்த 14 பேரும் கண்ணில் பட்டிருக்கமாட்டார்கள்.

அளக்கும் முறை

‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கைபேசி பார்ப்பீர்கள்?’ என்பது பள்ளிக் கேள்வித்தாள்களில் வழக்கமாக முதலில் வரும் கேள்வி. அதற்கு யாரும் சரியான விடை தரமுடியாது. அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று குறைத்து எழுதுவோரும் உண்டு, நண்பனைவிட அதிகம் என்று காட்டக் கூட்டி எழுதுவோரும் உண்டு. 2018 முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே பயன்பாட்டு நேரத்தைக் கருவியே குறித்துவைக்கும் வசதி வந்துள்ளது. எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் என்றும் அதில் தெரியும். ஒரு வாரக் கணக்கை அதிலிருந்து எழுதிக்கொண்டால் போதும். ஒரே கைபேசியை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துவது இப்பகுதியில் சாதாரணம். அப்படியானால் கருவியின் கணக்கு உதவாது. ஒரு நோட்டில் அரை மணிக்கொரு முறை கோடு போடச் சொல்லலாம்.

நேரம் மட்டும் போதாது. படம் பார்க்கும்போது கைபேசி மேசைமேல் சாய்ந்திருக்கலாம், கைக்கு வேலையே இல்லை. விளையாட்டில் இரண்டு கட்டைவிரலும் நிமிடத்துக்குப் பலமுறை ஓடும். ஒரு கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் திரையின் மறுமூலையை எட்டுவது கட்டைவிரலை அதிகம் இழுக்கும். என்ன செய்கிறார், ஒரு கையா இரு கையா, படுத்தா உட்கார்ந்தா என்று பிரித்துக் கேட்பது அவசியம்.

ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் ஆய்வில், எது முன்னே வந்தது என்று தெரியாது என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். கை வலிப்பதால் விளையாடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து கைபேசி பார்ப்பவரும் இருக்கலாம். முடிந்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு முறையும் அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஒரு முறையும் அதே மாணவர்களிடம் கேட்கலாம். தேர்வுக் காலத்தில் எழுத்து வேலை கூடும், விடுமுறையில் கைபேசி நேரம் கூடும். அந்த மாற்றத்தோடு வலி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, ஒரே முறை 500 பேரிடம் கேட்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

பெரியவர்களிடமும் கேட்பதாக இருந்தால் நீரிழிவு, தைராய்டு, கர்ப்பம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றால் கை நரம்புத் தொல்லைகள் வரும் வாய்ப்பு கூடும். டெ குவெர்வைன் நோய் கைக்குழந்தை உள்ள தாய்மார்களிடம் அடிக்கடி காணப்படுவது. குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரல் விரிந்து, மணிக்கட்டு சாய்கிறது. அந்தத் தாயின் கையில் கைபேசியும் இருந்துவிட்டால், வீட்டார் பழியைக் கைபேசி மேல் போடுவார்கள்.

சிகிச்சை

டெ குவெர்வைன் நோயில் முதலில் செய்வது கட்டைவிரலுக்கு ஓய்வு தருவது. கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் பட்டையைச் சில வாரம் அணியச் சொல்வார்கள். குறையாவிட்டால் உறைக்குள் ஊசி மருந்து. அதற்கும் கேட்காவிட்டால் சிறிய அறுவை சிகிச்சையில் உறையைத் திறந்துவிடுவார்கள். சுளுக்கு என்று எண்ணெய் விட்டு ஓங்கித் தேய்ப்பதால் தடித்த உறை சரியாகாது, சில நேரம் வீக்கம் கூடும். இரவில் மரத்துப்போய் விழிப்பு வருவது, கையில் பிடித்த பொருள் நழுவி விழுவது, கட்டைவிரலின் அடிச் சதை மெலிவது ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. நரம்பில் நெடுநாள் அழுத்தம் இருந்தால் இழந்த உணர்ச்சி முழுதும் திரும்பாமல் போகலாம்.

கைபேசியைப் பொறுத்தவரை இரு கையாலும் பிடிப்பது, நீண்ட செய்தியைத் தட்டாமல் குரலில் சொல்வது, இருபது முப்பது நிமிடத்துக்கொரு முறை கையைக் கீழே தொங்கவிடுவது போன்றவை எளிதில் செய்யக்கூடியவை. தமிழில் குரல் வழித் தட்டச்சு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. எண்ணிக்கைக் கூலியில் குழாய் உருட்டுபவரிடம் ‘அரை மணிக்கொரு முறை ஓய்வெடுங்கள்’ என்று சொல்வது அவ்வளவு எளிதன்று, ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். உட்காரும் பலகையின் உயரம், ஒரே ஆளிடம் ஒரே வேலையை நாள் முழுக்கத் தராமல் மாற்றித் தருவது போன்றவற்றை வேலை தருபவர்தான் செய்ய முடியும். அதைக் கேட்பதற்கு முதலில் எத்தனை பேருக்கு எந்த விரல் வலிக்கிறது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் தெருவில் முப்பது வீடுகளில் கேட்டு எழுதிவரக்கூடிய கணக்குதான் அது.